கண்ணும் கையும் முழுசா

மகனுக்கு ஆபீஸ் வேலை கிடைத்ததை ஒருவரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட முடியாத நிலைமை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. பராசக்திக்கு வந்தது. பீடோங் பாசாரில் எதிர்ப்பட்ட கோயில் குருக்களிடம்கூட அவள் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால், ஜெயகுமார் பல வருஷமாக ஆபீஸில்தான் இருக்கிறான் என்று உறவு முழுவதிலும் சொல்லி வைத்தவளே அவள்தான்.

அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த குடும்பம். கணவர் அரியரத்தினம் பீடோங்குக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் கிராணிதான். சித்தப்பாமார் ரயில்வே, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று மேசை உள்ள இடமாகப் பார்த்து உட்கார்ந்தவர்கள். சட்டையில் மைக்கறை பட்டால் மட்டும் பொறுத்துக்கொள்கிற பரம்பரை அது. அதில் பிறந்த ஜெயகுமார் பரீட்சையில் கோட்டைவிட்டு, தொழிற்பள்ளியில் வெல்டிங் படித்து, பொய்லர் பட்டறையில் போய்ச் சேர்ந்தான்.

ஈப்போவிலிருந்து அரியரத்தினத்தின் தங்கை பிரேமாவதி போனில், "தம்பி என்ன வேலை செய்யிறான் அண்ணி?" என்று கேட்டபோது பராசக்தி ஒரு நிமிஷம்தான் தயங்கினாள். "பொய்லர் கொம்பனியில இஞ்சினியர்" என்றாள். பிறகு அந்த இஞ்சினியருக்கு ஒரு மேசை வேண்டியிருந்தது, கொடுத்தாள். அடுத்த தீபாவளிக்கு ஏர்கான் அறை கொடுத்தாள். அதற்கடுத்து அவனுக்குக் கீழே ஆட்களையும் போட்டாள். கொம்பனி தராத பதவியை எல்லாம் தாயே தந்து முடித்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது கொம்பனி உண்மையாகவே தந்துவிட்டது. பட்டறைக்கு மேலே உள்ள ஆபீஸில் ஒரு மேசை, இன்ஸ்பெக்ஷன் பிரிவில் சூப்பர்வைசர். வெளியிலிருந்து சோதனைக்கு வருகிறவர்களோடு ஆங்கிலத்தில் பேசத் தெரிந்த, குழாயும் தெரிந்த ஒருவன் வேண்டும் என்று கொம்பனி முதலாளியான தவ்கே அவனை மேலே கூப்பிட்டுக்கொண்டார்.

"பிள்ளையாருக்குப் பொங்கிப் படைக்கிறதெண்டு நேந்தனான்," என்றாள் பராசக்தி, அன்று இரவுச் சாப்பாட்டில் புட்டுக்குச் சொதி ஊற்றிக்கொண்டே. "நாலு பேரைக் கூப்பிடாமல் எப்பிடிப் படைக்கிறது? கூப்பிட்டால் என்ன விசேஷமெண்டு கேப்பினமே."

"பிரமோஷன் எண்டு சொல்லன்," என்றார் அரியரத்தினம். வீட்டுக்குள்ளும் கைக்கடிகாரம் கட்டியிருக்கிற மனிதர் அவர்.

"இனி என்ன பிரமோஷன் மிச்சம் கிடக்கு? எல்லாம் சொல்லி முடிச்சிட்டன்."

ஜெயகுமார் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அரியரத்தினம் மட்டும் புட்டைப் பிசைந்துகொண்டிருந்தார்.

வழியைப் பிரேமாவதியே காட்டினாள். தைப்பிங்கில் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவருக்கு ஒரே மகள், பாங்கில் வேலை. தாயும் தகப்பனும் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைப் பார்க்க வருகிறார்கள் என்று போன் செய்தாள். அன்றைக்கே பொங்கலை வைத்துக்கொள்ளலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். ஜெயகுமாருக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. முன்பு வந்த இரண்டு சம்பந்தங்கள், 'இஞ்சினியர்' எந்தப் பல்கலைக்கழகம் என்று விசாரித்ததோடு நின்றுபோயிருந்தன. இந்த ஹெட்மாஸ்டர் படிப்பைக் கேட்கவில்லை, உத்தியோகத்தை மட்டும்தான் கேட்டாராம்.

பராசக்தி சுங்கைப் பட்டாணிக்குப் பஸ் ஏறிப்போய் முழுக்கைச் சட்டைகள் வாங்கி வந்தாள். ஜெயகுமாரின் முன்கை முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்பு, கடுகு தாளித்துக் கொட்டியதுபோல. "பொத்தானைப் போட்டே வச்சிரு தம்பி," என்றாள். "சூடெண்டு மடிச்சு விட்டிடாத."

*

மேல்மாடி ஆபீஸில் முதல் சில நாள்கள் ஜெயகுமாருக்குக் குளிர் தாங்கவில்லை. பொய்லர் வயிற்றுக்குள் தவழ்ந்து போய், வியர்வையில் காலுறை நனைய வேலை செய்தவனுக்கு உட்கார்ந்தே இருப்பது பெரிய பாடாக இருந்தது. கம்ப்யூட்டரின் மவுஸ் அவன் கையில் அங்கும் இங்கும் ஓடியது. பக்கத்து மேசைப் பெண் ஒரு பேனா இரவல் கேட்டால்கூடச் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டுதான் நீட்டினான். கண்ணாடிச் சுவர் வழியே கீழே பட்டறை தெரியும். நீலமும் வெள்ளையுமாக வெளிச்சம் வெட்டும் இடத்தில் பரஞ்சோதி இருக்கிறான் என்று தெரியும். அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டான்.

பரஞ்சோதியும் அவனும் ஜோடி. பொய்லருக்குள் வரிசையாக நிற்கும் குழாய்களில் வெல்டிங் வைக்க ஒரு ஆளால் ஆகாது. பின்பக்கம் கை எட்டாது. ஒருவன் இந்தப் பக்கம் படுத்துக்கொள்வான், மற்றவன் அந்தப் பக்கம். இவன் பாதி சுற்றிக்கொண்டுவந்து நிறுத்தும் இடத்தில், சூடு ஆறுவதற்குள் அவன் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கே பேச்சு கேட்காது. குழாயைத் தட்டும் சத்தம்தான். அப்படி எதிர் எதிரே படுத்தே இரண்டு பேரும் இளமையைக் கழித்தார்கள்.

பரஞ்சோதியின் தாய் செல்லாயி, அரியரத்தினம் கிராணியாக இருந்த அதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவள். ஜெயகுமார் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டதே கிடையாது. ஒருமுறை வெல்டிங் வெளிச்சம் தாக்கிக் கண் திறக்க முடியாமல் போனபோது பரஞ்சோதிதான் மோட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்று, "அம்மா, புள்ளையப் புடிச்சுக்குங்க," என்று குரல் கொடுத்தான். உள்ளே வரவில்லை. அன்று பராசக்தி உருளைக்கிழங்கை வட்டமாக அரிந்து மகனின் கண்களில் வைத்துவிட்டு விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகும் பலமுறை உருளைக்கிழங்கு அரிந்திருக்கிறாள். பொய் சொன்ன வாய் அவளுடையதுதான், ஆனால் அந்த வேலை என்னவென்று அவள் அறியாமல் இல்லை.

அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. வெல்டிங் வேலையை விட்டு ஒருவன் போகும்போது, அவனுடைய முகமூடியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, கூட வேலை செய்தவர்கள் அவன் வீட்டுக்கே எடுத்துப் போவார்கள். ஜோடியாக இருந்தவன் அதை அந்த ஆளின் தாய் கையில் கொடுத்து, "எங்க இன்னாரைக் கண்ணும் கையும் முழுசா திருப்பிக் குடுத்துட்டோம், பாத்து வாங்கிக்குங்க," என்று பேர் சொல்லிக் கொடுப்பான். தாய் மகனின் இரண்டு கண்ணையும் பார்த்து, இரண்டு கையையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். கண்ணையோ விரலையோ அங்கே விட்டுவிட்டுப் போனவர்களும் இருந்ததால் வந்த பழக்கம் அது. சீன வெல்டர் ஆ செங் ஓய்வுபெற்றபோது அவனுடைய கிழத் தாய்க்கும் அப்படித்தான் கொடுத்தார்கள்; அவள் ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் கொடுத்து அழுதாள். அதை ஜெயகுமார் வீட்டில் வந்து சொன்னபோது பராசக்தி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எப்ப வரட்டும்?" என்று பரஞ்சோதி தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கேட்டான். "மாஸ்க்க கழுவி வச்சாச்சு. நம்ம பய அஸ்லான் பூ வாங்கித் தரேங்கிறான்லா."

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லடா," என்றான் ஜெயகுமார். வீட்டில் 'ஓம்' சொல்பவன் பட்டறையில் 'ஆமா' சொல்வான். இரண்டும் அவனுக்குத் தாய்மொழிதான்.

"என்னா செய்யுது?"

"முட்டி வலி. அப்பறம் சொல்றேன்."

"சரி, நல்லானதும் வர்றோம். எங்கம்மாவும் கேட்டுச்சு. கிராணி மவனுக்கு ஆபீசு கெடச்சுருச்சான்னு அதுக்கு அவ்ளோ சந்தோசம். நம்ம யார்டுலேர்ந்து ஒரு ஆளு மாடி ஏறிட்டான்னு பயலுங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம்டா ஜெயா." காசை எடுக்க விடாமல் அவனே தேத்தண்ணிக்குக் கொடுத்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஜெராய் மலை மேகத்துக்குள் போயிருந்தது. மழை வரும்போல இருந்து வரவில்லை, புழுக்கம்தான். பொங்கல், வடை, கதலிப்பழம், வந்தவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி என்று பராசக்தி இருட்டோடு எழுந்து சமைத்திருந்தாள். ஹெட்மாஸ்டரும் மனைவியும் பிரேமாவதியோடு வந்து நாற்காலிகளில் அமர்ந்தார்கள்.

"தம்பி இப்ப எந்தப் பக்கம்? டிசைனோ, புரொடக்ஷனோ?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

"இன்ஸ்பெக்ஷன், அங்கிள்."

"ஆபீஸ் எல்லாம் வசதியோ?"

"ஓம். ஏர்கான். மேல்மாடியில."

சொல்லச் சொல்ல ஜெயகுமாருக்கு நெஞ்சு லேசானது. போன மாதம்வரை பொய்யாக இருந்ததெல்லாம் இன்றைக்கு உண்மை. இனி எந்தக் கேள்விக்கும் பயப்பட வேண்டாம் என்று நினைத்தான். பாவம், அப்போதுதான் கேட்டுக்கு வெளியே மோட்டோக்கள் வந்து நின்றன.

முன்னால் பரஞ்சோதி. மடிப்புக் கலையாத, பூப்போட்ட பாத்தேக் சட்டை, தலை படிய எண்ணெய். கையில் எவர்சில்வர் தாம்பாளம், அதில் வெற்றிலை, ஆரஞ்சுப் பழம், புதுத் துவாலை விரித்து அதன் மேல் முகமூடி. சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. நெற்றிப் பக்கம் வெள்ளைச் சாயத்தில் 'ஜெயா' என்று எழுதியது பளிச்சென்று தெரிந்தது. பின்னால் அஸ்லானும் இன்னும் இரண்டு பேரும். முந்தின நாள் பாசாரில் பராசக்தி தேங்காயும் வாழையிலையும் தூக்கிக்கொண்டு நன்றாக நடந்து போனதைப் பரஞ்சோதி பார்த்திருக்கிறான். முட்டி நல்லாகிவிட்டது, வீட்டில் பூசை, இதைவிட நல்ல நாள் எது என்று கிளம்பி வந்துவிட்டார்கள். இந்த முறை கேட்டுக்கு வெளியே நிற்காமல் கார் நிற்கும் இடத்தைத் தாண்டி வாசல்படிவரை வந்தான்.

பராசக்தி அடுப்படியிலிருந்து வந்தாள். முகமூடியைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சேலைத் தலைப்பில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நடக்கும்போதே இரண்டு கையும் முன்னால் எழுந்தன.

"ஆர் தம்பி இவையள்?" என்றாள் பிரேமாவதி.

"எனக்குக் கீழ வேலை செய்யிற ஆக்கள், மாமி," என்றான் ஜெயகுமார். பிறகு பரஞ்சோதியின் பக்கம் திரும்பி, "வாங்கோ. என்ன விசயம்?" என்றான்.

அந்த வீட்டுத் தமிழில் அவன் ஒருநாளும் பரஞ்சோதியிடம் பேசியதில்லை. பரஞ்சோதி அவன் முகத்தைப் பார்த்தான். நாற்காலியில் இருந்தவர்களைப் பார்த்தான். மணிக்கட்டில் பொத்தான் போட்டு இறுக்கியிருந்த சட்டைக் கையைப் பார்த்தான். குழாய்க்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சத்தத்தை வைத்தே கண்டுகொள்கிறவனுக்கு இது புரிய வெகுநேரம் ஆகவில்லை.

"அண்ணே, நீங்க..." என்று ஜெயகுமாரிடம் ஆரம்பித்த அஸ்லானைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பரஞ்சோதி துவாலையின் நுனியை இழுத்து 'ஜெயா' மேல் மூடினான்.

"ஒன்னுமில்லீங்க சார். வீட்டுல பூசைன்னு கேள்விப்பட்டோம். பழம் குடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

"அதென்ன, முகமூடியே?" என்று ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"ஆமாங்கய்யா. யார்டு மாஸ்க்கு. சாமிகிட்ட வச்சா பசங்களுக்குக் கண்ணு நல்லாருக்கும்னு ஒரு நம்பிக்கை."

"பாருங்கோ," என்று ஹெட்மாஸ்டர் மனைவியிடம் சொன்னார். "வேலையாக்களுக்குத் தம்பியில எவ்வளவு மரியாதை!"

பராசக்தியின் கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. பிறகு கீழே இறங்கின.

"இலையில பொங்கல் போட்டுக் குடுங்கோ அண்ணி," என்றாள் பிரேமாவதி. "வெளியில இருந்து சாப்பிட்டிட்டுப் போகட்டும்."

கார் நிற்கும் இடத்தில், சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அவர்கள் சாப்பிட்டார்கள். பராசக்தி பரிமாறினாள், போதும் போதும் என்று கையைக் குறுக்கே வைத்தபோதும் வடை வைத்துக்கொண்டே இருந்தாள். அரியரத்தினம் வாசல்வரை வந்தார்.

"நீ செல்லாயின்ர மகனோ?"

பரஞ்சோதி இலையை விட்டு எழுந்து நின்றான். "ஆமாங்க கிராணி ஐயா."

"சுகமா இருக்கிறாவோ?"

"இருக்காங்கய்யா."

அவருக்கு வேறு ஏதோ கேட்க வேண்டும்போல இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பரஞ்சோதி கையைக் கழுவி, தாம்பாளத்தை அப்படியே பராசக்தியிடம் நீட்டி, "சாமிகிட்ட வச்சுருங்கம்மா," என்று மட்டும் சொன்னான். "வர்றோங்க சார்."

மோட்டோச் சத்தம் முனையைத் தாண்டும்வரை ஜெயகுமார் ஹெட்மாஸ்டருக்குச் சிரித்த முகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். என்ன சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

*

வந்தவர்களுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிற்று. பிரேமாவதி காதோடு சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். பராசக்தி பின்பக்கம் பொங்கல் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜெயகுமார் போய்ப் பக்கத்தில் நின்றான். அவள் நிமிரவில்லை.

"நான் வேற என்ன செய்யிறது அம்மா? நீங்கள் சொல்லி வச்சதைத்தானே காப்பாத்தினனான்."

"ஓம். நான்தான் சொன்னனான். அதுக்கு எனக்கு வெக்கமாக் கிடக்கு." தேங்காய் நார் பானையில் சுற்றிச் சுற்றி வந்தது. "ஆனால் நான் கையை நீட்டினனான், தம்பி. எல்லாம் வெளியில வந்தாலும் வரட்டும் எண்டுதான் நீட்டினனான். நீ பாத்தனி. என்ர கையைப் பாத்திட்டுத்தான் வாயைத் திறந்தனி."

அவள் சொன்னது உண்மை. அம்மாவின் கை எழுந்ததைப் பார்த்த பயத்தில்தான் அவன் அவசரமாகப் பேசினான்.

"அந்தப் பிள்ளையள் உன்னைத் திருப்பித் தர வந்தவை. பழம் தர வரேல்லை. நான் உன்னை இன்னும் வாங்கேல்லை," என்றாள் பராசக்தி. "தைப்பிங்காரருக்கு நானே போன் எடுத்து உள்ளதைச் சொல்லுறன். பிறகு வந்தால் வரட்டும். நாளைக்கு என்னைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போ."

மறுநாள் காலையில், கோயிலுக்கு மட்டும் உடுத்துகிற சேலையில் அவள் காரில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் முகமூடி. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

இத்தனை வருஷத்தில் அவள் பட்டறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. இரும்பு அறுபடும் சத்தத்துக்கு ஒரு கணம் நின்றாள், பிறகு நடந்தாள். மேலே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆபீஸ்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பரஞ்சோதி ஓடி வந்தான்.

"அம்மா, நீங்க எதுக்கும்மா இங்க? கண்ணு கூசும், அந்தாண்ட வாங்க."

"நேற்று நீங்கள் தர வந்ததை நான் வாங்கேல்லை தம்பி. பிழை எங்கட பக்கம்தான்," என்று பராசக்தி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். முகமூடியை அவனிடம் நீட்டினாள். "முறைப்படி தாங்கோ."

அஸ்லான் ஒரு மெஷினை நிறுத்தினான். பக்கத்து ஆள் இன்னொன்றை நிறுத்தினான். ஒவ்வொன்றாக அடங்கிப் பட்டறையில் சத்தமே இல்லாமல் போயிற்று. பரஞ்சோதி கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு முகமூடியை வாங்கினான்.

பராசக்தி மகனின் சட்டைப் பொத்தானைக் கழற்றி, இரண்டு கையையும் முழங்கைவரை மடித்துவிட்டாள். தழும்புகள் எல்லாம் வெளியே தெரிந்தன.

"எங்க..." என்று ஆரம்பித்துப் பரஞ்சோதி நிறுத்தினான். பேர் சொல்ல வேண்டிய இடம் அது. ஜெயகுமார் காத்திருந்தான். தன் பேரைக் கேட்பதற்கு அவன் வாழ்க்கையில் அப்படிக் காத்திருந்ததில்லை. பரஞ்சோதி முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க சாரைக் கண்ணும் கையும் முழுசா திருப்பிக் குடுத்துட்டோம். பாத்து வாங்கிக்குங்கம்மா."

பராசக்தி மகனின் வலது கையைப் புரட்டிப் பார்த்தாள். இடது கையைப் புரட்டிப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தது.

"நிமிர் தம்பி," என்றாள். "கண்ணைப் பாக்க வேணும்."

எல்லோரும் காத்திருந்தார்கள். பரஞ்சோதியும் முகமூடியை நீட்டியபடியே நின்றான். அவள் இரண்டாம் முறையும் சொன்னாள். ஜெயகுமாரால் நிமிர முடியவில்லை.